பெரிய தெரு முனையில் தமுக்கு

மன்னிக்கச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாதிரியார் சொன்னார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டை நான் மன்னிக்கவில்லை. அவர் மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில் இவள் மனசு இளகிவிடும் என்று எதிர்பார்த்து வாசிக்கிறவர்கள் இப்போதே எழுந்துபோய் வேறு வேலையைப் பார்க்கலாம்.

ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பாசஞ்சர் வண்டி மட்டும் நின்று போகிற ஒரு சின்ன டவுன். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு பெரிய தெரு, ஒரு கடைத்தெரு, இன்னும் நாலைந்து தெரு. அதற்கப்புறம் ஒரு வெற்றுவெளி. அதையும் தாண்டி, ஏரிக்குக் கீழே பள்ளத்தில் எங்கள் சேரி. என் புருஷன் போர்டில் தண்டோரா போடுகிற வேலை பார்த்தார்.

போர்டு ஜனங்களுக்கு எதைச் சொல்ல வேண்டுமானாலும் அவர் வாய் வழியாகத்தான் சொல்லும். வரி கட்டச் சொல்வது, அம்மை குத்த ஆள் வருவது, சந்தை நாள் மாறுவது எல்லாமே. தெரு முனையில் நின்று கொஞ்ச நேரம் தமுக்கைத் தட்டுவார். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் வெளியே வரட்டும் என்று ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். பிறகுதான் "இதனால சகலமான பேருக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா" என்று ஆரம்பிப்பார். நல்ல கனத்த குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன் என்று கேலி செய்வார்கள். அது பொய்யில்லை.

பெரிய தெருவுக்குள் மட்டும் அவர் போகமாட்டார். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. முனையில் நின்று தட்டிவிட்டு, முனையிலேயே சொல்லிவிட்டு வர வேண்டும். தெருவோ நீளம், வீடுகளோ ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஒரு தெரு. யார் காதிலும் விழாது. அதற்கு போர்டு ஒரு வழி பண்ணி வைத்திருந்தது. போர்டு பியூன் முனைக்கு வந்து நின்று என் புருஷன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அதையே வீடு வீடாகப் போய்ச் சொல்வான். அவன் கால் பட்டால் தீட்டு இல்லை. சேரிக்குள்ளும் என் புருஷன் தண்டோரா போட்டதில்லை. அதற்குக் காரணம் வேறு. சேரிக்குச் சொல்ல போர்டுக்கு ஒன்றும் இருந்ததில்லை.

யுத்தத்துக்கு முந்தி ஊருக்குக் கரண்டு கம்பெனி வந்தது. அவர்களுடைய ஆபீசு விழுப்புரத்தில். ரோட்டில் குழி வெட்டினாலும், கம்பம் நட்டாலும், கரண்டை நிறுத்தினாலும் முன்கூட்டியே போர்டுக்குச் சொல்ல வேண்டும், போர்டு ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பேச்சு. ஆனால் கம்பெனி மேனேஜருக்கும் எங்கள் பிரசிடெண்டுக்கும் வந்த நாளிலிருந்தே ஆகாது. யார் யாரை வந்து பார்ப்பது என்பதில் தொடங்கிய முறைப்பு. மேனேஜர் வரட்டும் என்று இவர் உட்கார்ந்திருந்தார், பிரசிடெண்டு வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தார். காகிதம் எழுதினால் அது விழுப்புரத்தில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்து இங்கே வந்து சேர்வதற்குள் வெட்டின குழியை மூடியே விட்டிருப்பார்கள். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு என்று ஆகிவிட்டது. கம்பெனி ஓவர்சீயர் காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கி, போர்டு ஆபீசு படியேறி ஹெட்கிளார்க்கிடம் சொல்வார். ஹெட்கிளார்க்கு வாசலில் நிற்கிற என் புருஷனிடம் சொல்வார். என் புருஷன் ஊருக்குச் சொல்வார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மல்லாட்டை மில் வந்தது. அதற்குக் கரண்டு கொண்டு போக, கடைத்தெருவிலிருந்து வெற்றுவெளியைத் தாண்டி, எங்கள் கிணற்றுப் பாதை வழியாகக் கம்பம் நட வேண்டும். ஓவர்சீயர் வந்து, கடைத்தெருவில் குழி, ஸ்டேஷன் ரோட்டில் குழி, சேரிக் கிணற்றுப் பாதையிலும் குழி என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஹெட்கிளார்க்கு என் புருஷனிடம் கடைத்தெருவையும் ஸ்டேஷன் ரோட்டையும் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் சொன்னார்.

அது மல்லாட்டை பிடுங்குகிற சமயம். சேரியில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் கொல்லையில் இருந்தோம். எனக்கு வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்த மாதம். முதல் பிள்ளை. குனிய முடியாது என்பதால் பிடுங்கிப் போட்ட செடியில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் விழுப்புரத்திலிருந்து வந்த மண் வெட்டுகிறவர்கள் எங்கள் பாதையில் குழிகளை வெட்டிவிட்டு, கம்பம் மறுநாள்தான் வரும் என்று ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்கள். சாயங்காலம் அடித்துப் பெய்தது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

பாதை முழுக்கத் தண்ணீர். எது பாதை, எது குழி என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை, ஏனென்றால் அங்கே குழி இருந்ததே இல்லை. கம்பக் குழி அகலமாக இருக்காது, ஆனால் ஆளை நிற்க வைத்துப் புதைக்கலாம். ஒரு கால் உள்ளே போய்விட்டது, வயிறு குழி விளிம்பில் மோதியது. குடம் எங்கேயோ உருண்டு போயிற்று. அந்த நேரத்தில் என் புருஷன் ஸ்டேஷன் ரோட்டில் நின்றுகொண்டு, மழையில், "குழி வெட்டிக் கிடக்குது, பாத்து நடங்க, வண்டி மாட்டப் பாத்து ஓட்டுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். ஊரார் வீட்டு மாட்டுக்கெல்லாம் எச்சரிக்கை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். கிணற்றங்கரையில் ஒரு கருவேல மரம் இருந்தது. அதன் அடியில் என் புருஷன் தானே குழி தோண்டி வைத்துவிட்டு வந்தார். பக்கத்திலேயே கம்பெனி ஆட்கள் கம்பத்தை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் பாதையில் கம்பம் உண்டு, கம்பி உண்டு. எங்கள் வீடுகளுக்கு விளக்கு கிடையாது.

நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் என் புருஷனை அனுப்பினேன். காசு கேட்கச் சொல்லவில்லை. காசைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. "சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு" என்று யாராவது ஒரு ஆள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் ஓவர்சீயரைக் கேட்டார். "நாங்க போர்டுக்குச் சொல்லிட்டோம்பா, அங்க போய்க் கேளு" என்று ஓவர்சீயர் கை கழுவினார். ஹெட்கிளார்க்கைக் கேட்டார். "கம்பெனி வெட்டின குழி. கம்பெனியப் போய்க் கேளு" என்று ஹெட்கிளார்க்கு கை கழுவினார். பாசஞ்சர் ஏறி விழுப்புரம் வரைக்கும் போனார். அங்கே மேனேஜரைப் பார்க்கவே விடவில்லை. திரும்பி வந்து, சேரிப் பாதையை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஹெட்கிளார்க்கை மறுபடியும் கேட்டபோது, அவர் கோபப்படக்கூட இல்லையாம். "அங்க யாருய்யா இருக்காங்க, தண்டோரா போடறதுக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டாராம்.

கடைசியில் நானும் கூடப் போனேன். போர்டு ஆபீசு வாசலில், படிக்குக் கீழே நின்றோம். பிரசிடெண்டு வெளியே வந்தார். என் புருஷன் தமுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"குழின்னா கண்ணுக்குத் தெரியாதாடா?" என்றார் பிரசிடெண்டு. "உம் பொண்டாட்டி கண்ண எங்க வெச்சிக்கினு நடந்தா?"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே கேட்டார். பிரசிடெண்டு படியிறங்கி வண்டிப் பக்கம் போனவர் திரும்பினார். "ஊருக்கெல்லாம் சொல்றவன் நீ. ஒன் வூட்டுக்கு நீ சொல்லிக்கினு இருக்கக்கூடாதா?"

அதைச் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். குழியைவிட ஆழமாக இறங்கியது அந்தப் பேச்சு. அன்றைக்கு ராத்திரி என் புருஷன் தட்டில் வைத்த கேப்பைக் களியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. தனக்குச் சொல்லப்படாத குழியைத் தான் எப்படியாவது தெரிந்துகொண்டிருக்க வேண்டுமோ என்று அந்த மனுஷன் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பல மாதம் யோசித்தார். குரல் உடைந்து போயிற்று. பிள்ளை போனதைக்கூட விபத்து என்று சொல்லி ஒருவேளை நான் ஆறியிருப்பேன். என் புருஷனை அப்படி உட்கார வைத்ததற்கு ஆற முடியாது. அந்தப் பிரசிடெண்டை ஒரு நாள் தண்ணீருக்கு அலைய வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் விழுந்ததால் அப்படி வாயில் வந்தது.

யுத்தம் தொடங்கின பிறகு போர்டு ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டு வந்தது. தண்ணீரை மேலே ஏற்றுவது மோட்டார், மோட்டார் ஓடுவது கம்பெனி கரண்டில். கரண்டு நின்றால் குழாயும் நின்றுவிடும். பெரிய தெருவில் வீட்டுக்கு வீடு குழாய், கடைத்தெருவில் ஒன்றிரண்டு, எங்களுக்கு அதே பழைய கிணறு. பிரசிடெண்டு என்ன செய்தார் தெரியுமா? குழாய் வந்துவிட்ட பெருமையில் வீட்டுக் கிணற்றைத் தூர்த்து, அந்த இடத்தில் தளம் போட்டார். அவரைப் பார்த்து அந்தத் தெருவில் மற்றவர்களும் தூர்த்தார்கள். கிணற்றில் இறைப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று ஆகிவிட்டது. எனக்கு இந்தச் செய்தி வந்தபோது சும்மா கேட்டுக்கொண்டேன்.

அடுத்த கோடையில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விழுப்புரத்தில் பெரிய இடம், ஆசாரம் பார்க்கிற குடும்பம். அரிசிக்கு ஊரே அல்லாடுகிற காலத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. தூர்த்த கிணற்றின் மேல் போட்ட தளத்தில்தான் கோட்டை அடுப்பு வைத்தார்கள். போர்டு பியூனை ஒரு வாரமாகவே கல்யாண வேலைக்குப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார் பிரசிடெண்டு. போர்டு சம்பளம், வீட்டு வேலை. கல்யாணத்துக்கு முதல் நாள் அவனை மாப்பிள்ளை வீட்டாரோடு கூட இருந்து அழைத்து வர விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டார்.

அதே நாள் காலைப் பாசஞ்சரில் ஓவர்சீயர் வந்தார். நாளைக்குப் பொழுது விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை லைன் வேலை, கரண்டு இருக்காது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று ஹெட்கிளார்க்கிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இங்கே கல்யாணம் இருப்பது தெரியாது. ஹெட்கிளார்க்குக்குத் தெரியும். ஆனால் பிரசிடெண்டு வீட்டுக் கல்யாணத்தன்றைக்கு அவரைக் கேட்காமல் கரண்டை நிறுத்துவார்களா, பேசித்தான் வைத்திருப்பார்கள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். போர்டு பிரசிடெண்டிடம் போய் போர்டு சமாசாரத்தைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? என் புருஷனைக் கூப்பிட்டு எல்லாத் தெருவிலும் போடு, பெரிய தெருவில் வழக்கம்போல முனையில் போடு என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது என் புருஷன் இதைச் சொன்னார். கர்த்தர் எனக்கு எதையும் கேட்டபடி கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தார் என்றுதான் சொல்வேன். கூடவே கிளம்பினேன். "நீ எதுக்கு புள்ள வெயில்ல?" என்று கேட்டார். சும்மா வருகிறேன் என்றேன்.

கடைத்தெருவில் தட்டினார். ஜனங்கள் கேட்டுக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு தெருவாக முடித்துவிட்டுப் பெரிய தெரு முனைக்கு வந்தோம். உச்சி வெயிலில் தெருவில் காக்கை இல்லை. கோடியில் பந்தல் தெரிந்தது, உள்ளே மேளக்காரர்கள் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனையில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய பியூன் விழுப்புரத்தில் இருந்தான். என் புருஷன் தமுக்கைத் தட்டினார். வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் நின்றார். ஒரு வார்த்தை விடாமல் முழுக்கச் சொல்லி முடித்தார். அந்தத் தெருவின் சுவர்களுக்குச் சொன்னார்.

அப்போது பால்காரர் ஒருத்தர் கல்யாண வீட்டுக்குத் தவலையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அந்தத் தெருவுக்குள் போகக்கூடியவர். என் புருஷன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவருகிட்ட சொல்லியனுப்பட்டுமா? பியூன் இல்லியே."

"ஒனக்கு உத்தரவு இன்னா?" என்று கேட்டேன்.

"முனையில போடறது."

"போட்டியா?"

"போட்டேன்."

"அப்பால இன்னா, வா."

அவர் நகரவில்லை. "பாவம் புள்ள, கல்யாண வூடு" என்றார்.

"நம்ம வூட்லயும் தொட்டில் கட்டறதா இருந்துச்சுய்யா" என்றேன்.

பால்காரர் அதற்குள் பாதித் தெரு போய்விட்டார். என் புருஷன் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் நடந்தேன். எனக்கு ஒரு துளி சங்கடம்கூட இல்லை.

மறுநாள் விடிந்ததும் சோறு பொங்கி வைத்துவிட்டு, ஊசி நூலும் ஒரு பழைய புடவையும் எடுத்துக்கொண்டு கிணற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கோடையில் ஏரி காய்ந்து வெடித்திருந்தது. ஊரில் தூர்க்காமல் விட்ட கிணறுகள் வறண்டு கிடந்தன. பிரசிடெண்டின் தோப்புக் கிணற்றில்கூடச் சேறுதான். பள்ளத்தில் இருப்பதால் எங்கள் கிணற்றில் மட்டும் அடியில் தண்ணீர் நின்றது. நல்ல தண்ணீர். வேறு கிணறு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கல்யாண வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு எச்சில் இலை எடுக்கப் போன எங்கள் சேரிப் பெண்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அண்டாக்களில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மாப்பிள்ளை வீட்டார் குளித்தே தீர்த்திருக்கிறார்கள். குழாய்தான் இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. தாலி கட்டி முடிந்து, சமையல்காரர் ரசத்துக்குத் தண்ணீர் கேட்டபோது குழாயைத் திருகினால் காற்று வந்திருக்கிறது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்தாகிவிட்டது.

பாதையில் ஒரு கூண்டு வண்டி வந்தது. முன்னும் பின்னும் திரை. பிரசிடெண்டின் மைத்துனர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார், ஆள்காரன் இல்லை. பின்திரையை விலக்கிக்கொண்டு இறங்கியவர் பிரசிடெண்டு. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். வண்டிக்குள் அண்டாக்கள். வேறு யாரையும் நம்பி அனுப்ப முடியாத காரியம் என்பதால் தானே வந்திருந்தார். சேரியில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் எழுந்து நின்றேன். மைத்துனர் தாங்கள் கொண்டு வந்த கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கினார். கயிறு பாதிக் கிணற்றில் தீர்ந்து போயிற்று. நிமிர்ந்து பிரசிடெண்டைப் பார்த்தார்.

"கயிறு இருக்குதா?" என்று பிரசிடெண்டு என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் பேசின முதல் பேச்சு அது.

"இருக்குதுங்க. சேரிக் கயிறு."

அவர் ஊர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "குடு."

எங்கள் ஆட்கள் அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு, "தரையிலயா வெக்கட்டும், கையிலயா குடுக்கட்டும்?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"கையிலதான் குடேன். ஜல்தி" என்றார்.

கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மைத்துனர் இறைத்து இறைத்து அண்டாவில் ஊற்றினார். பழக்கமில்லாத கை, வாளிக்குப் பாதி சிந்தியது. பிரசிடெண்டு வெயிலுக்கு ஒதுங்கி, கருவேல மரத்தடிக்குப் போய் நின்றார். அடையாளம் எதுவும் நாங்கள் வைக்கவில்லை, ஒரு கல்கூட இல்லை. ஆனால் எனக்குத் தெரியாதா?

"அங்க நிக்காதீங்க" என்றேன். "தள்ளி நில்லுங்க."

அந்த வார்த்தையை என் வாழ்நாளில் நான் கேட்டுத்தான் பழக்கம், சொன்னதில்லை. அவர் ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு வெயிலுக்கு நகர்ந்து நின்றார். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நான் யார் என்று அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். போர்டு ஆபீசு வாசலில்தான் அவர் என்னைப் பார்க்கவே இல்லையே.

அண்டாக்கள் நிரம்பியதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இது யாருக்கும் தெரியக்கூடாது. தோப்புக் கிணத்துத் தண்ணின்னு சொல்லியிருக்கு. நீ வாய மூடிக்கினு இருக்கணும்."

"நான் சொல்லமாட்டேங்க" என்றேன். "ஊருக்குச் சொல்றது எங்க வூட்டுக்காரர் வேல. அவருதான் தண்டோரா போடறவரு."

அவருடைய கண் என் மேலேயே நின்றது. அப்போதுதான் நான் யாரென்று அவருக்குப் பிடிபட்டது. நெற்றியில் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மைத்துனர் அவசரப்படுத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கயிற்றைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். அதை எடுத்துக் கழுவிக் காயப்போட்டேன்.

பந்தி நடந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்த ரசத்தைச் சம்பந்தி கையில் வாங்கிக் குடித்துவிட்டு, இந்தத் தண்ணீர் எங்கேயது, இவ்வளவு ருசியாக இருக்கிறதே என்று கேட்டாராம். தோப்புக் கிணறு என்று பிரசிடெண்டு சொன்னாராம். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் குடித்தாராம். இலை எடுக்கப் போன பெண்கள் சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

என் புருஷன் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தார். போகவில்லை. அவரை வேலையை விட்டு அனுப்பினால் அவர் வாய்க்குக் காவல் ஏது? நேர் மாறாக, கொஞ்ச நாளில் கம்பெனி ஆட்கள் எங்கள் பக்கம் கம்பத்தை இழுத்துக் கட்டுகிற ஒரு ஸ்டே கம்பியை மாற்ற வந்தபோது, ஹெட்கிளார்க்கு தானாகவே "சேரியிலயும் சொல்லிடு" என்று சொன்னார். மேலேயிருந்து வந்த உத்தரவாம். சேரியில் முதல் தடவையாகத் தண்டோரா போட்டார் என் புருஷன். பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. நான் வெளியே வரவில்லை. வர வேண்டிய நாளில் வராத தமுக்கு அப்புறம் வந்தால் எனக்கென்ன, வராவிட்டால் எனக்கென்ன?

எனக்கு வேண்டியது வேறு இடத்தில் கிடைத்தது. கல்யாணத்துக்கு அப்புறம் பெரிய தெரு முனையில் என் புருஷன் முதல் தடவை தமுக்கைத் தட்டியபோது, பியூன் வந்து நிற்பதற்கு முந்தி, பிரசிடெண்டு தெருவின் நடுவில் செருப்புக்கூடப் போடாமல் வந்துகொண்டிருந்தார். முனைவரைக்கும் வந்து நின்றார். வரி கட்டச் சொல்லித்தான் தண்டோரா. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த தடவையும் வந்தார். அதற்கடுத்த தடவையும். மகள் விழுப்புரத்தில் அந்த ஆசாரக்காரர்கள் வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தாள் அல்லவா, தமுக்குச் சத்தம் கேட்டால் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இதை என் புருஷன் வந்து சொன்னதும், "தட்டி முடிச்சதும் ஒடனே சொல்லாத" என்றேன். "இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லு. ஜனங்க வரட்டும்."

அவருக்கு விளங்கியது. வேண்டாம் என்றார், எதுக்கு பேஜாரு என்றார். ஒரு தடவை செய்து பார்த்தார். தமுக்கைத் தட்டி முடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் பிரசிடெண்டைப் பார்த்தபடியே நின்றாராம். பிரசிடெண்டு பக்கத்தில் நின்ற மாட்டுவண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு சந்தை நாள் மாற்றத்தைச் சொன்னாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது. அதற்கப்புறம் நான் சொல்லிக் கொடுத்ததைவிட நீளமாகவே நிறுத்தினார்.

பிரசிடெண்டு பதவி போனது, வயசானது, கோல் ஊன்றினார். அப்போதும் தமுக்குச் சத்தம் கேட்டால் கோலை ஊன்றிக்கொண்டு முனைக்கு வந்துவிடுவார். சாகிறவரைக்கும் வந்தார். என் புருஷன் வீட்டுக்குள் நுழைந்ததும், "வந்தாரா?" என்று கேட்பேன். "வந்தாரு" என்பார். அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுவோம்.